இழுக்காத முன்சக்கரங்கள்

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தாவரவியல் பூங்காவை அடையலாம். அப்பூங்காவின் அருகிலிருந்து ஒரு குறுகிய தார்ச்சாலை காட்டுக்குள் நுழைந்து மலையேறுகிறது. ‘ஜீப் பாதை’ என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சென்று அது கொடிமலையின் உச்சியைத் தொடுகிறது. அந்த 5 கிலோமீட்டருக்குள் வண்டி சுமார் 680 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். அதாவது, சராசரியாக ஒவ்வொரு 7 மீட்டர் ஓட்டத்திற்கும் 1 மீட்டர் ஏற்றம். சில வளைவுகளில் ஏற்றம் இதைவிடவும் செங்குத்தானது.

சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் இப்பாதையை அறிவதில்லை. அவர்கள் 1923ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் மலை இரயிலில் ஏறி உச்சிக்குச் சென்றுவிடுகிறார்கள். ஆனால், உச்சியில் வாழ்வோருக்கும் வேலை செய்வோருக்கும் ஜீப் பாதை ஓர் உயிர்நாடி. அங்கே முருகன் கோயில், பள்ளிவாசல், காவல் நிலையம், உணவுக் கடைகள் எனப் பலவும் உள்ளன. சிமெண்டு மூட்டை, இரும்புக் கம்பி, எரிவாயுத் தோம்பு ஆகியவை எப்படியாவது மேலே போய்ச் சேர வேண்டும். பழைய மலை இரயிலை அகற்றிப் புதியதை அமைப்பதற்காக 2010இல் சேவை நிறுத்தப்பட்டபோது, இப்பாதையின் அருமை எல்லாருக்கும் புரிந்தது. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் மலையின் பல இடங்களில் மண் சரிந்தபோது மீண்டும் ஒருமுறை புரிந்தது.

இத்தகைய பாதைக்கு நான்கு சக்கர இயக்க வண்டியே ஏற்றது. அப்படிப்பட்ட வண்டியில் முன்பக்கத்து டிஃபரன்ஷியல் பழுதாகிவிட்டால் என்ன செய்வது? பட்டறையில் அதைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டுமா? அல்லது ஓட்டலாமா?

“அண்ணே, சாமான் வர எத்தனை நாள் ஆகும்? அதுவரைக்கும் வண்டி ஓடுமா?” என்று ஓட்டுநர் கேட்பார். “ஓடும் தம்பி, பின்சக்கரம்தான் இருக்கே!” என்று பட்டறைக்காரர் பதில் சொல்வார். இந்தப் பதில் பொய்யன்று. ஆனால், பாதிப் பதில்தான். ‘எங்கே ஓடும்?’ என்ற கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் அது முழுமை பெறும். அதற்கு அந்தப் பொறி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொள்வோம். ஜோர்ஜ்டவுன் சாலைச் சந்திப்பு ஒன்றில் வண்டி நேர்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் ஏறத்தாழ 2.36 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஜீப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்பினால் அந்த வேறுபாடு ஏறத்தாழ 4.7 மீட்டராகிவிடும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பொருத்தினால், ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்து இழுபட்டே தீரும். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும்; இரண்டுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் போய்ச் சேரவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன, இழுப்பவை மாடுகள். சக்கரமே வண்டியை இழுக்க வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தோன்றியது.

டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. இரு சக்கரங்களுள் ஒன்று பாசியிலோ சேற்றிலோ வழுக்கினால், அச்சக்கரம் வீணாகச் சுழலும். பிடிப்புள்ள மற்றச் சக்கரம் அசையாமல் நிற்கும். எளிதாகச் சுழலும் பக்கமே சுழற்சி போய்விடுவதுதான் இதற்குக் காரணம். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் பிக்கப், மழைக்காலத் தோட்டப் பாதையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்பதை நாம் பார்த்திருப்போம். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னச்சும் இழுப்பதால், பின்னால் பிடிப்பு போனாலும் முன்னால் வண்டி நகர்ந்துவிடும்.

பெரும்பாலான பிக்கப்களில் இயந்திரத்தின் ஆற்றல் கியர் பெட்டியைத் தாண்டி ‘டிரான்ஸ்ஃபர் பெட்டி’ என்னும் இன்னொரு பெட்டிக்குள் செல்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னச்சுக்கும், மற்றொரு தண்டு முன்னச்சுக்கும் செல்கின்றன. ஓட்டுநர் நெம்புகோலையோ பொத்தானையோ மாற்றும்போதுதான் முன்தண்டு இணைகிறது. 1948ஆம் ஆண்டில் பிரிட்டனின் லேண்ட் ரோவர் வண்டி அறிமுகமானது. பிற்பாடு மலாயாவின் தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் அது பழகிப்போன காட்சியாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் முன்சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பக்கூடிய ஹப் பூட்டைச் செய்யத் தொடங்கியது. அதைத் திறந்துவிட்டால் முன்சக்கரங்கள் தாமாக உருளும். அவற்றுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடும். பழைய வண்டிகளை வைத்திருப்போர் இன்றும் அந்த ஹப்பை மதிக்கிறார்கள். முன் டிஃபரன்ஷியல் பழுதாகும் நாளில் அதன் மதிப்பு இன்னும் கூடிவிடும்.

பழுது ஒரே நாளில் வருவது அரிது. முதலில் ஓர் ஊளைச் சத்தம் கேட்கும். வேகம் கூடும்போது சத்தமும் உயரும். முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் அதன் தொனி மாறும். பேரிங் தேய்ந்திருப்பதை இது காட்டுகிறது. கீழே உள்ள திருகைத் திறந்து எண்ணெயை வடித்தால், சில சமயம் வெள்ளித் தூள்போல் இரும்புத் துகள்கள் மின்னும். சில சமயம் எண்ணெய் பால் கலந்த தேநீரைப்போல் இருக்கும்; உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்பது அதன் பொருள். தண்ணீர் புகும் விதம் அறிவியல் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியலின் உள்ளே காற்று விரிந்திருக்கும். வண்டி சட்டென்று ஓடை நீருக்குள் இறங்கியதும் அது குளிர்ந்து காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்ய எண்ணெய்த் தடுப்பு வளையத்தின் இடுக்கு வழியாக வெளியே உள்ள தண்ணீர் உறிஞ்சப்படும்.

‘முன்சக்கர இயக்கத்தைப் போடாமல் ஓட்டினால் போதும், பழுது அப்படியே கிடக்கட்டும்’ என்று எண்ணுவோர் உண்டு. இது ஆபத்தான எண்ணம். ஹப் பூட்டு இல்லாத புதிய வண்டிகள் பலவற்றில், இரண்டு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் முன்சக்கரங்களோடு பக்கத் தண்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றோடு டிஃபரன்ஷியலின் சில பற்சக்கரங்களும் சுழலும். உடைந்த ஒரு பல் அவற்றுக்கு இடையில் சிக்கினால், முன்சக்கரம் ஓட்டத்தின் நடுவிலேயே இறுகிப்போகலாம். பினாங்குப் பாலத்தில் வேகமாகச் செல்லும்போது அப்படி நேர்வதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. எனவே, உடைந்ததைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, உடைந்ததோடு ஓட்டுவதைக் காட்டிலும் பாதுகாப்பானது.

கழற்றுவதிலும் கவனம் வேண்டும். முன்தண்டை ஒரு முனையில் மட்டும் கழற்றித் தொங்கவிடக் கூடாது. இரு முனைகளிலும் கழற்றி எடுத்துவிட வேண்டும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்தில் எஞ்சும் துளைகளை மணலும் நீரும் புகாதவாறு இறுக மூட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பலர் தவறவிடுவது வேறொன்று. பழைய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்தின் பேரிங் தனியான ஒரு தடித்த முளையில் அமர்ந்திருக்கும். பக்கத் தண்டை எடுத்துவிட்டாலும் சக்கரம் உறுதியாக நிற்கும். புதிய வண்டிகள் பலவற்றிலோ பக்கத் தண்டின் வெளிமூட்டும் அதன் நட்டும்தாம் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தண்டை முழுதாக எடுத்துவிட்டு ஓட்டினால், பேரிங் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். ஆகவே, அத்தகைய வண்டிகளில் வெளிமூட்டை மட்டும் மீண்டும் பொருத்தி, நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு முறுக்கிய பின்னரே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். எந்த வகை வண்டி என்று தெரியாமல் ‘ஓடும் தம்பி’ என்று சொல்லிவிட முடியாது.

எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. அவற்றின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று உண்டு. முன்தண்டை எடுத்துவிட்டால், எளிதாகச் சுழலும் பக்கமாகிய வெறும் முன்பக்கத்திற்கே சுழற்சி முழுவதும் போய்விடும். இயந்திரம் உறுமும், வண்டி நகராது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால்தான் பின்சக்கரங்கள் இயங்கும். தானியங்கிக் கியர் உள்ள இத்தகைய வண்டியை, பூட்டைப் போடாமல் சரிவில் நிறுத்திக் கியரை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தாலும் வண்டி நிற்காது, உருண்டோடிவிடும். கைத்தடையை இழுத்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையும் வைத்த பிறகே இறங்க வேண்டும்.

இவையெல்லாம் ஒழுங்காக முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். வண்டி இப்போது பட்டறையிலிருந்து வெளியே வருகிறது. தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டீயரிங் முன்போலவே திரும்புகிறது. நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கிறது. லெபோ பாசாரில் அரிசி மூட்டை இறக்கலாம். பெங்காலான் வெல்ட் வழியாகத் துறைமுகப் பக்கம் போகலாம். ஜோர்ஜ்டவுனின் சமதளச் சாலைகளில் இது சாதாரணப் பிக்கப்பைப் போன்றதே. காலிப் பிக்கப்பின் பின்பாரம் குறைவு என்பதால், மழை நனைத்த வளைவில் முடுக்கியை அழுத்தினால் வால் பக்கம் விலகும். சிலர் பின்னச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை வைத்து இறுகக் கட்டிவிடுகிறார்கள், நல்ல வழக்கம்தான். ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் வெள்ளம் தேங்கும்போது மட்டும், ‘நம் வண்டி உயரமானது’ என்ற பழைய துணிவைக் கைவிட வேண்டும். மூடி வைத்த துளைகள் வெள்ளத்தைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல.

ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து பாலிக் புலாவுக்குச் செல்லும் ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையிலும் பொறுமையோடு போய்வரலாம். அது தார் போட்ட பொதுச்சாலை. சிறிய கார்களும் நாள்தோறும் அதில் போகின்றன.

சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. பாலிக் புலாவின் டுரியான் தோட்டங்கள் பல மலைச்சரிவில் இருக்கின்றன. பொதுச்சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சிமெண்டுப் பாதை, வண்டியின் அகலமே உடையது, செங்குத்தானது, நிழல் விழுந்து பாசி படிந்தது. பருவம் பெரும்பாலும் மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை நீடிக்கும். டுரியான், ஆளுக்காகக் காத்திருக்கும் பழமன்று. இரவில் விழுந்த பழம் மறுநாளே சந்தைக்குப் போக வேண்டும். தாமதித்தால் வெடித்துப் புளித்துவிடும். முன் டிஃபரன்ஷியல் பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தோட்டக்காரருக்கு இழப்பு. ஒரு வருட உழைப்பின் கூலி சில வாரங்களில் கைக்கு வர வேண்டியிருக்கும்போது, ‘பின்சக்கரத்திலேயே மெல்ல ஏறிப் பார்ப்போம்’ என்று அவர் நினைப்பதைக் குறை சொல்ல முடியாது.

ஏறுவது பெரும்பாலும் முடிந்துவிடும். ஏறும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது; பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு கூடுகிறது. ஏற முடியாவிட்டாலும் சக்கரம் சுழன்று, ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று எச்சரித்துவிடும். அந்த எச்சரிக்கை இறக்கத்தில் கிடைப்பதில்லை. முன்னிழுப்பு இல்லாத வண்டி ஏறுமா என்று கேட்போர் பலர். அது இறங்குமா என்று கேட்போர் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

2 டன் எடையுள்ள வண்டி 680 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 13 மெகாஜூல். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் மட்டுமே ஏற்றுக்கொண்டால், அது சூடேறித் தன் பிடிப்பை இழக்கும். அதனால்தான் மலைச்சாலை ஓட்டுநர்கள் கீழ்க்கியரில் இறங்குகிறார்கள். இயந்திரமே வண்டியைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நான்கு சக்கர இயக்கத்தில் அந்த இழுப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படும்.

முன்தண்டு இல்லாதபோது அந்த இழுப்பு முழுவதும் பின்சக்கரங்களின்மேல் விழுகிறது. இறங்கும் வண்டியின் பாரமோ முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகிவிட்டன. பிடிப்பு குறைந்த சக்கரங்களிடம் முழு வேலையையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஈரப்பாசியில் அவை வழுக்கத் தொடங்கும். வண்டியின் வால் பள்ளத்தை நோக்கித் திரும்பும். சில ஓட்டுநர்கள் முன்தண்டு இல்லாத பிக்கப்பில், நான்கு சக்கரத் தாழ்நிலைக் கியரைப் போட்டு இறங்குகிறார்கள். தாழ்நிலை பல பிக்கப்களில் இழுவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது. நான்கு சக்கரங்களுக்காக அமைந்த அந்த விசையை இரண்டே சக்கரங்களும் ஒரே அச்சும் தாங்க வேண்டியிருக்கும். காய்ந்த பாதையில் பின்னச்சின் தண்டுக்குக் கேடு, ஈரப்பாதையில் வழுக்கல். உலர்ந்த நாளில், பாரமின்றி, ஒரு சிறு ஏற்றத்தைத் தாண்டுவதற்கு அந்தத் தந்திரம் உதவலாம். ஜீப் பாதைக்கும் தோட்டத்தின் சிமெண்டுப் பாதைக்கும் அது உதவாது. அங்கே வேறு வண்டியை வாடகைக்கு எடுப்பதோ, பழக்கூடைகளை மோட்டார் சைக்கிளில் சிறிது சிறிதாகப் பொதுச்சாலைவரை இறக்கிப் பிக்கப்பை அங்கேயே நிறுத்தி ஏற்றுவதோ மேல். கூலி கூடும், நேரமும் கூடும். ஆயினும், பழத்தைச் சந்தைக்குக் கொண்டுவர அந்த வழி இருக்கிறது.

இதற்கிடையில் பட்டறையில் வேலை நடக்கிறது. புதிய பற்சக்கரங்களின் விலை அதிகம். ஆகவே, ‘ஹாஃப்-கட்’ கடைகளை நாடுவது நம் நாட்டில் வழக்கம். வெளிநாட்டில் ஓடிய வண்டிகளைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, பாகங்களைப் பிரித்து விற்கும் கடைகள் அவை. அங்கே கிடைக்கும் டிஃபரன்ஷியல் வெளித்தோற்றத்தில் அச்சாக அதேபோல் இருக்கும். உள்ளே பற்களின் எண்ணிக்கை வேறாக இருக்கக்கூடும். பெரிய சக்கரத்தில் 41 பற்களும் சிறிய பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.1. பெரியதில் 43, சிறியதில் 11 என்றால் விகிதம் ஏறத்தாழ 3.9. பின்னச்சு 4.1 ஆகவும் முன்னச்சு 3.9 ஆகவும் இருந்தால், பின்சக்கரம் 100 மீட்டர் ஓடும் நேரத்தில் முன்சக்கரம் ஏறத்தாழ 105 மீட்டர் ஓட முயலும். இரண்டு சக்கர இயக்கத்தில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. மலையடிவாரத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், டயர் தேயும், முடிவில் மீண்டும் ஏதாவது ஒன்று உடையும். பற்களை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பொருத்துவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும்.

பொருத்தி, புதிய கியர் எண்ணெய் ஊற்றி, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்த பிறகும் வண்டி நேராக மலைக்குப் போவதில்லை. புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது மிகுந்த வெப்பம் உண்டாகும். எனவே, முதல் நாள் பாரமில்லாமல் சமதளத்தில் கால் மணி நேரம் ஓட்டுவார்கள், நிறுத்தி ஆறவிடுவார்கள், மீண்டும் ஓட்டுவார்கள். ஊளைச் சத்தம் கேட்கிறதா என்று பட்டறைக்காரர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து காது கொடுப்பார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னர் அந்த முதல் எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பார். மெல்லிய சாம்பல் நிறக் கறை மட்டும் படிந்தால் பற்கள் ஒழுங்காகப் பழகிவிட்டன; வண்டி மறுநாள் காலை சிமெண்டு மூட்டைகளோடு ஜீப் பாதையில் ஏறலாம். விரலில் உறுத்தும் துகள் ஒன்று தட்டுப்பட்டாலும் அவர் முன்தண்டை மீண்டும் கழற்றத் தொடங்குவார்.